ரேகை விழாத விரல்: மனித உரிமையும் தொழில்நுட்பமும் ஆராய விரும்பும் எல்லையோர மாணவருக்கு

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமும் பேசுகிற பக்கம். ரேஷன் கடைக்கு விரல் வைக்கும் மெஷின் வந்த புதிதில் ஒரு நாள் அம்மாவைப் பெற்ற அம்முச்சியோடு போயிருந்தேன். நாற்பது வருசம் களை வெட்டின விரல். மெஷின் ஏற்கவில்லை. "ஏனுங்கம்மா, கையை நல்லாத் தொடைச்சுட்டு வைங்க" என்றார் கடைக்காரர். தொடைத்து வைத்தார், விரல் மாற்றி வைத்தார், கை மாற்றி வைத்தார். கடைசியில் ஓடிபி அனுப்பினார்கள். அது கோயம்புத்தூரில் மில் ஷிப்டில் இருந்த மாமாவின் போனுக்குப் போனது. அரிசி மறுநாள்தான் கிடைத்தது. திரும்பி வரும் வழியில் அம்முச்சி ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் நானில்லைன்னு அந்தப் பொட்டி எப்படிச் சொல்லுது கண்ணு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. இன்று எங்கள் சித்தூர் தாலுகாவில் இருந்தும், மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தும் பட்டம் முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள்: மனித உரிமை, பாதுகாப்பு, புதிய தொழில்நுட்பம் இந்த மூன்றும் சேரும் ஆய்வுக்குள் போவது எப்படி? எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அம்முச்சிக்கான பதில்

இந்தத் துறையின் பெயர்தான் நீளம். உள்ளே இருக்கும் பிரச்சினையை அந்த ரேஷன் மெஷினை வைத்தே சொல்லிவிடலாம்.

ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் கருவி எடுத்துக்கொள்கிறது. பதிவில் இருக்கும் புள்ளிகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் 'அவரேதான்', தாண்டாவிட்டால் 'அவர் இல்லை'. வரம்பை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், ஆனால் தேய்ந்த விரல்கள் அதிகம் திருப்பி அனுப்பப்படும். இறக்கினால் நேர்மாறு. இரண்டு தவறும் இல்லாத வரம்பு கிடையாது. பாதுகாப்பு பேசுகிறவருக்கு வேறு ஆளை உள்ளே விடும் தவறு பயம். உரிமை பேசுகிறவருக்கு உண்மையான ஆளைத் திருப்பி அனுப்பும் தவறு பயம். வரம்பை வைக்கிறவரோ எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர், அல்லது அவருக்கு ஆர்டர் கொடுத்த அதிகாரி. அந்த எண்ணை வைத்தது யார், அது தவறும்போது நஷ்டம் யாருக்கு? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் துறையின் பாதி உங்களுக்குப் புரிந்தாயிற்று.

இதே கேள்விதான் பெரிய இடங்களிலும் கேட்கப்படுகிறது. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. ஜெனீவாவில் தானியங்கி ஆயுதங்கள் பற்றி 2014 முதல் நாடுகள் பேசிக்கொண்டே இருக்கின்றன. மனிதர் முடிவெடுக்காமல் இயந்திரமே ஆளைச் சுட்டால் பொறுப்பு யாருடையது என்று ஐநா சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் 2013இல் ஐநா மனித உரிமைக் கவுன்சிலுக்கு அறிக்கை கொடுத்தார். 2023 டிசம்பரில் ஐநா பொதுச்சபை இது குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஏன் என்று ஆராய்வதும் இந்தத் துறைக்குள்தான் வரும். ஆக, ரேஷன் கடையில் தொடங்கி ஜெனீவா வரைக்கும் வேலை இருக்கிறது.

முதல் படி: கேள்வியை ஊரில் தேடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, 'செயற்கை நுண்ணறிவும் மனித உரிமைகளும்: இந்தியப் பார்வை' என்று ஆரம்பிப்பது. இந்தத் தலைப்பில் ஆயிரம் பேர் எழுதியாயிற்று, உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்று அதில் எதுவும் இல்லை. எல்லையோரத்துக்காரருக்கு மட்டும் கண்ணில் படும் விஷயங்கள் இருக்கின்றன. சிலதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொந்தம் கொண்டாடவில்லை.

பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கேரள ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு விதம், தமிழ்நாட்டில் பிறந்த சான்றிதழில் இன்னொரு விதம், ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டு மூன்றாவது விதம், பான் கார்டில் அதையே பின்னால் போட்டு நான்காவது விதம். கண்ணால் பார்க்கும் கிளார்க்குக்கு இது ஒரே ஆள் என்று தெரியும். பெயர் பொருத்தும் மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு வரம்பு எண் இருக்கிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பழகியவர்கள் அதை வைத்தார்கள். இதனால் தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் எத்தனை முறை திருப்பி அனுப்பப்படுகிறார்கள்? ஒரு பிஎச்டிக்கே இது போதும்.

வாளையாறு. பாலக்காடு, கோயம்புத்தூர் சாலையில் இருக்கும் மாநில எல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது விற்பனை வரிச் சோதனைச்சாவடி போனது. லாரி வரிசை கலைந்தது. அப்புறம் 2020இல் கொரோனா வந்ததும் அதே இடத்தில் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். கேரளத்துக்குள் வர இணையத்தில் பாஸ் எடுக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பக்கம் அதற்குத் தனி இ-பாஸ். அந்த மே மாதம் பாஸ் இல்லாமல் வாளையாறில் சிக்கியவர்களுக்காகக் கேரள உயர்நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விசாரித்தது. வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் என்று இருப்பவரை அந்த இணையப் படிவம் எந்தக் கட்டத்தில் போட்டது? 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'தினமும்' என்று எழுத வழியிருந்ததா? ஒரு படிவத்தின் வடிவமைப்பு ஒருவர் நடமாடும் உரிமையை எப்படி வெட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. பாஸ் எடுத்தவர்களும் எடுத்துக் கொடுத்த அக்ஷயா இணையச் சேவை மையத்துக்காரர்களும் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

தொழிலுறப்பு. தமிழ்நாட்டுப் பக்கம் நூறு நாள் வேலை என்பார்கள். 2023 ஜனவரி முதல் வேலை இடத்தில் இரண்டு வேளையும் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் அது என்ன பாடு படுத்தியது என்று வேலையை மேற்பார்க்கும் மேட் அக்காக்களிடம் கேளுங்கள், ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும்.

கேமரா. 2023இல் கேரளம் சாலைகளில் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியது. பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் இல்லாதவரைத் தானே கண்டுபிடிப்பவை. விபத்து குறைவது நல்ல விஷயம்தான், நானும் ஹெல்மெட் போடுகிறவன். ஆனால் எடுத்த படம் எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், ஹெல்மெட்டுக்கு வைத்த கேமராவை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு உதாரணம், கருவி எதுவும் இல்லாதது போலத் தோன்றும். பிளாச்சிமடை நம் பக்கத்து ஊர். 2002இல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் கோக்கோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்தபோது அவர்களுக்குத் தெரிந்தது, கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை, வாயில் கரிக்கிறது என்பது. அது உண்மைதான் என்று ஆக அளவுகள் தேவைப்பட்டன. நிலத்தடி நீர் மட்டம், கழிவில் காட்மியம், ஈயம், அதற்குப் பிறகு 2010இல் உயர்மட்டக் குழு கணக்கிட்ட 216.26 கோடி ரூபாய் நஷ்டம். உடம்பு சொன்னதை ஒரு ஆய்வகத் தாள் சொல்லும் வரை அது சாட்சியாகவில்லை. யாருடைய அளவு எடுபடுகிறது என்பதைப் படிக்க அந்த ஊரை விட்டுவிட்டு வேறெங்கோ போகாதீர்கள்.

செய்ய வேண்டியது: ஒரு நோட்டு வாங்கி மூன்று மாதம், கருவியோ இணையப் படிவமோ யாரையாவது திருப்பி அனுப்பியதைப் பார்க்கும்போதெல்லாம் எழுதுங்கள். தேதி, இடம், என்ன கேட்டது, என்ன பதில். பெயர் வேண்டாம்.

இரண்டாம் படி: தாய்வீடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பல துறை சேர்ந்த ஆய்வு என்று எல்லாரும் பாராட்டுவார்கள். வேலைக்கு விளம்பரம் வரும்போது மட்டும் ஒரே ஒரு பாடத்தின் பெயர் இருக்கும். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு பல்கலைக்கழக நேர்காணலில், பெயர் வேண்டாம், குழுவில் ஒருவர் என் கட்டுரைகளைப் புரட்டிவிட்டு, "தம்பி, இது சட்டமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, நாங்க உங்களை எந்த ரூம்ல உட்கார வைக்கிறது?" என்றார். கோபம் வந்தது. ஆனால் பணி நியமன விதிப்படி அவர் கேட்டது சரி.

ஆகவே முதுகலையும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் ஒரே தாய்த்துறையில் இருக்கட்டும். சட்டம் என்றால் எல்எல்எம். தீர்ப்பு, சட்டவரைவு, உரிமை இதெல்லாம் கையாளலாம், வேலை வாய்ப்பும் ஒப்பீட்டளவில் அதிகம். பாதுகாப்பு, ஆயுதக் கட்டுப்பாடு, சைபர் போர் பக்கம் ஆசையென்றால் பன்னாட்டு உறவுகள் அல்லது பாதுகாப்பு ஆய்வியல். கோட்டயம் எம்ஜி பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வியல் துறை இருக்கிறது. கடைவீதியில், வரிசையில், லயத்தில் நடப்பதைப் படிக்க வேண்டுமென்றால் சமூகவியல் அல்லது மானுடவியல். கணினி படித்தவர்கள் அதை விட வேண்டாம். மென்பொருளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் குறைவு, தேவை அதிகம்.

நெட் தேர்வில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்றே ஒரு பாடம் உண்டு. அதை மட்டும் நம்பி முதுகலை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. அந்தப் பெயரில் துறைகள் குறைவு, அதனால் பணியிடங்களும் குறைவு. சட்டமோ அரசியல் அறிவியலோ கையில் இருந்தால் அது கூடுதலாகப் பயன்படும்.

மூன்றாம் படி: தீர்ப்புகளை வாசிக்கப் பழகுங்கள்

சட்டம் படிக்காதவர்களும் இதைச் செய்தாக வேண்டும். வரிசை இது:

1996, பியூசிஎல் என்ற உரிமை அமைப்பு போட்ட வழக்கு. போன் ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் வரைமுறை வகுத்தது. 2015, ஷ்ரேயா சிங்கால் வழக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு ரத்து. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2018 செப்டம்பர் 26, ஆதார் வழக்கு. 2020 ஜனவரி, அனுராதா பாசின் வழக்கு, இணைய முடக்கம் பற்றியது. கேரளத்தில் இருப்பவர்கள் 2019இல் கேரள உயர்நீதிமன்றம் கொடுத்த பஹீமா ஷிரின் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் போன் வைத்துக்கொள்ளத் தடை என்பதில் தொடங்கி, இணையம் கிடைப்பது கல்வி உரிமையின் பகுதி என்பதில் முடிந்த வழக்கு. சின்னது, ஆரம்பிக்க நல்லது.

புட்டசாமி தீர்ப்பு 547 பக்கம். பயப்பட வேண்டாம். கடைசியில் இருக்கும் உத்தரவை முதலில் படியுங்கள், பிறகு நீதிபதி சந்திரசூட் எழுதிய பகுதியின் முடிவுரை. அரசு அந்தரங்கத்தில் கை வைக்க என்ன வேண்டும் என்று அதில் இருக்கிறது: சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கும் வழிக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் பிடித்துக்கொள்கிறார்கள். ரேஷன் திருட்டைத் தடுக்க ரேகை கேட்பது பொருத்தமா, அதற்காக எத்தனை அம்முச்சிகள் திரும்பிப் போகலாம் என்பது அங்கே வந்து நிற்கும். 2018 ஆதார் தீர்ப்பில் பெரும்பான்மை ஒரு பதில் சொன்னது, தனியாக நின்ற சந்திரசூட் வேறு பதில் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு செமஸ்டர் வகுப்புக்குச் சமம்.

வெளிநாட்டு ஆவணங்களில் இரண்டு போதும் இப்போதைக்கு. 1966ஆம் ஆண்டு குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் அந்தரங்கம் பற்றிய 17ஆம் பிரிவு (இந்தியா 1979இல் சேர்ந்தது), 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம். இங்கே 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னதுதான், ஒரே மூச்சில் படிக்கலாம். அரசுக்குக் கொடுத்திருக்கும் விலக்குகளை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

நான்காம் படி: ஆவணம் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் 'ரகசியம்' என்பார்கள். ஆனால் அரசு பெரிதாக எதை வாங்கினாலும் பெரும்பாலும் டெண்டர் விட வேண்டும், டெண்டர் தாளில் கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியே ஆக வேண்டும். கேமரா எத்தனை மீட்டருக்கு முகம் பார்க்கும், தரவு எத்தனை நாள் இருக்கும், துல்லியம் எத்தனை சதவீதம், எல்லாம் இருக்கும். நான் முன்பு சொன்ன அந்த வரம்பு எண்ணை நான் கண்டுபிடித்ததில் பாதி இப்படித்தான். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தனித்தனி டெண்டர் இணையதளங்கள் உண்டு. தேதி முடிந்ததும் சில தாள்கள் காணாமல் போகும். பார்த்த அன்றே இறக்கி வையுங்கள்.

அடுத்தது 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனு ஆங்கிலத்தில், இந்தியில், அல்லது அந்தப் பகுதியின் அலுவல் மொழியில் இருக்கலாம். பாலக்காட்டுக்கு மலையாளத்தில், கோயம்புத்தூருக்குத் தமிழில் எழுதினால் கிளார்க்குகளே படித்துப் பதில் போடுவார்கள். ஒரே கேள்வியை இரண்டு மாநிலத்துக்கும் அனுப்புங்கள். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் கொடுத்த அனுபவம் எனக்கு மூன்று தடவை உண்டு. எல்லையில் பிறந்ததில் கிடைத்த லாபம் அது.

'ஏன்' என்று கேட்காதீர்கள். 'எத்தனை', 'எந்த ஆணையின்படி', 'நகல் தருக' என்று கேளுங்கள். உளவு அமைப்புகளுக்குச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விலக்கு கொடுக்கிறது. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. இதைத் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

கணினிப் பக்கம் கொஞ்சம் பைத்தான், கொஞ்சம் புள்ளியியல், மேற்கோள்களை ஒழுங்காக வைக்க ஜொட்டேரோ. இவ்வளவு போதும். மீதியைத் தேவை வரும்போது கற்கலாம்.

ஐந்தாம் படி: பேசினவருக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இங்கே நிதானமாக வாசியுங்கள். கண்காணிப்பை ஆராய்கிறவர் தானும் ஒரு கண்காணிப்புக் கோப்பு தயாரிக்கிறார். உங்கள் போனில் இருக்கும் பேட்டிகள் யார் கையிலாவது சிக்கினால் பாதிப்பு உங்களுக்கு இல்லை, பேசினவருக்கு.

ஊர் சின்னது. 'எருத்தேம்பதி பஞ்சாயத்தில் ரேஷன் மறுக்கப்பட்ட 68 வயது விதவை' என்று எழுதினால் பெயரை மறைத்து என்ன பயன், டீக்கடையில் அரை மணியில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வயதைப் பத்தாண்டு வரம்பாக்குங்கள், ஊரைத் தாலுகாவாக்குங்கள், தேவையில்லாத விவரத்தை வெட்டுங்கள். பெயரும் குறியீடும் உள்ள பட்டியல் ஒரு இடத்தில், பேட்டி வேறு இடத்தில், இரண்டுக்கும் கடவுச்சொல். புகைப்படத்தில் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும், அதை நீக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சம்மதம் வாங்கும் தாளை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. நம் பேச்சில் எழுதுங்கள்: 'நீங்க பேசலைன்னாலும் ஒண்ணும் ஆகாது. பாதியில நிறுத்தலாம். அப்புறம் வேண்டாம்னு தோணினா சொல்லுங்க, அழிச்சிடறேன்.' வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்தே ஆபத்து என்கிற இடங்களில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவிடம் முன்பே அனுமதி வாங்கலாம். எஸ்டேட்டில் சூப்பர்வைசர் காட்டிக் கொடுத்த ஆட்களிடம் மட்டும் பேட்டி எடுத்துவிட்டு வராதீர்கள். அவர் காட்டாதவர்களிடம்தான் விஷயம் இருக்கும்.

ஒலிப்பதிவை எழுத்தாக்க இலவச மென்பொருள்களில் ஏற்றும் பழக்கம் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. அந்தக் குரல் எந்த நாட்டுச் சர்வருக்குப் போகிறது என்று யோசியுங்கள். தவிர, பாதி வாக்கியம் தமிழிலும் மீதி மலையாளத்திலும் முடிகிற நம் பேச்சை அவை எழுதும் லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்களே எழுதுங்கள். கேட்கும்போதுதான் மௌனங்கள் தெரியும்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். அணை, ராணுவ இடம், காவல்துறைக் கட்டுப்பாட்டு அறை போன்றவற்றைப் படம் எடுக்காதீர்கள். 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. களத்துக்குப் போகும்போது பல்கலைக்கழகக் கடிதம் பையில் இருக்கட்டும். எந்த நாள் எங்கே போகிறீர்கள் என்று வழிகாட்டிக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். போலீஸ்காரர் வந்து 'யார் அனுப்பினது?' என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், கடிதத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

ஆறாம் படி: நெட், பிஎச்டி, பணம்

நெட் தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழி படித்தவர்களுக்கு முதல் தாளின் வாசிப்புப் பகுதிதான் தடங்கல். ஆறு மாதம் தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்தால் அது சரியாகிவிடும். 2024 முதல் பிஎச்டி சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

நெட்டில் முன்னால் வருகிறவர்களுக்கான ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப், கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக உதவித்தொகை, அது இதில் பாதி கூட வராது. தொகை சில இடங்களில் மாதக்கணக்கில் தாமதமாகும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு சேருங்கள். எனக்கு ஏழு மாதம் தள்ளிப் போனது, சித்தப்பாவின் பால் சொசைட்டிப் பணத்தில் சாப்பிட்டேன்.

2022 விதிகளின்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. எம்ஃபில் இனி இல்லை. நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் இந்தத் துறைக்கு அவசரம் வேண்டாம்.

வழிகாட்டியைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கடிதம் எழுதும்போது அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் உங்கள் கேள்வி எங்கே பொருந்துகிறது என்று நான்கு வரி போதும். 'மரியாதைக்குரிய ஐயா, தங்கள் பொன்னான வழிகாட்டுதலை நாடி' என்று தொடங்கும் கடிதங்களை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. நானே படிப்பதில்லை.

சேர்வதற்கு முன் ஓராண்டு ஏதாவது அமைப்பில் வேலை செய்ய முடிந்தால் நல்லது. பெங்களூருவில் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி மையம், டெல்லியில் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்பு ஆளுகை மையம் போன்றவை இந்த விஷயங்களிலேயே வேலை செய்கின்றன. அங்கே எழுதும் வேகம் வரும். பல்கலைக்கழகத்தில் அது வராது.

வெளிநாடு

இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் 1982 முதல் இருக்கிறது, தரவும் தொழில்நுட்பமும் பற்றிய பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்திய இடம். போர்ச் சட்டம், ஆயுதங்கள் என்றால் ஜெனீவா அகாடமி. நெதர்லாந்து, நார்டிக் நாடுகளில் பிஎச்டி என்பது சம்பளத்தோடு ஒரு வேலை, விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் தேவை, முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும்.

தலித் மாணவர்களுக்கும் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தவருக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஒரு கொக்கி இருக்கிறது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இல்லை என்று 2022இல் விதியில் சேர்த்தார்கள். யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்கள் தங்கள் ஊரைப் பற்றி ஆராய முடியாது என்று அர்த்தம். எனக்கு இதில் கடும் வருத்தம் உண்டு. அந்த ஆண்டு அறிவிக்கையை வரிவரியாகப் படித்து, பன்னாட்டுச் சட்டம் அல்லது கணினி ஒழுங்குமுறை என்ற பக்கத்தில் இருந்து தலைப்பை அமைக்க முடியுமா என்று பாருங்கள்.

பிரசுரமும் வேலையும்

பணம் கேட்டு ஒரு வாரத்தில் வெளியிடும் பத்திரிகைகளை ஒதுக்குங்கள். நம்பகமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டதால் இனி எது நல்லது என்று நாமேதான் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த ஐந்து கட்டுரைகள் எங்கே வந்தன என்று பாருங்கள், அங்கே அனுப்புங்கள். ஆங்கிலக் கட்டுரை ஒன்று வந்தால் அதன் சாரத்தைத் தமிழிலும் ஒரு மலையாள வார இதழிலும் எழுதுங்கள். பேட்டி கொடுத்தவர்கள் படிக்க வேண்டாமா?

உதவிப் பேராசிரியர் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு முன் கெஸ்ட் லெக்சரராகச் சில வருடம் போகும், கல்லூரி திறந்து மூடுவதைப் பார்த்துச் சம்பளம் வரும். இடையில் அமைப்புகள், கம்பெனிகளின் கொள்கைப் பிரிவுகள் கூப்பிடும். போகலாம், தப்பில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நீங்கள் கண்டதை வெளியிடத் தடை இருக்கிறதா என்று மட்டும் கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது

சாதிச் சான்றிதழ். சிரிக்காதீர்கள். எல்லையோரப் பிள்ளைகள் இதில்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்தில் வாங்கிய சான்றிதழ் தமிழ்நாட்டு அரசு இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, அந்தப் பக்கம் வாங்கியது இங்கே செல்லாது. தோட்ட வேலைக்குக் குடிபெயர்ந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களிடம் 1950க்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். தாத்தாவின் எஸ்டேட் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு, எது கிடைத்தாலும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஓபிசி என்றால் மத்தியப் பட்டியலில் உங்கள் மாநிலத்துக்கு நேரே உங்கள் சாதிப் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில் சான்றிதழ் வேண்டும். வருமான வரம்புச் சான்றை விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு ஏற்பப் புதுப்பிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர்தான் எல்லா இடத்திலும் வேண்டும். ஆதாரில் வேறாக இருந்தால் நெட் விண்ணப்பம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே திருத்தப் போடுங்கள். போன வருடம் மூணாறுப் பெண் ஒருத்தி ஒரு புள்ளியும் ஒரு இடைவெளியும் பொருந்தாமல் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். திருத்தி வர எழுபது நாள் ஆனது. அந்த எழுபது நாளையும் அவள் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். இப்போது அவளுடைய ஆய்வு முன்மொழிவின் முதல் அத்தியாயம் அதுதான்.